போக்கிமான் விளையாட்டில் எளிய புள்ளினம் – ஓர் ஆய்வு

2001ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் துபாயிலிருந்து வந்த என் மைத்துனர், என் மகளுக்குக் கையடக்கமான விளையாட்டுக் கருவி ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தார். அதன் சிறு திரையில் அவள் ஒரு புல்வெளி வழியே நடந்துகொண்டிருந்தாள். திடுமென ஒரு பறவை எதிர்ப்பட்டது. அஃது என்ன பறவை என வினவினேன். "இது சும்மா புறா அத்தா. எங்கே போனாலும் வரும்" என்று சொல்லிவிட்டு, அதனோடு போரிடாமலே அப்பால் சென்றாள்.

அந்தச் 'சும்மா' என்னும் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. ஒரு படைப்பில் வரும் எல்லா உயிர்களும் வியப்பூட்டுவனவாக இருத்தல் இயலாது. சில வியப்பூட்ட வேண்டுமாயின் பல வியப்பின்றி இருக்க வேண்டும். ஆயின், வியப்பற்ற ஒன்றை வேண்டுமென்றே வரைந்து, நூறு முறை கண்டாலும் வெறுப்புத் தோன்றாதவாறு அமைப்பது கடினமான கலை. போக்கிமான் விளையாட்டின் எளிய பறவைகள் அக்கலையின் விளைவுகள். அவற்றின் எளிமையே அக்கற்பனை நாட்டை ஒரு நிலமாக நம்பச் செய்கிறது என்பதனைக் காட்டுதலே ஈண்டு நோக்கம்.

தமிழ்த் துறை மலரில் இதற்கு என்ன இடம் என மூத்தோர் சிலர் வினவக்கூடும். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் வைத்து எண்ணினார் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறோம். புள்ளைக் கொண்டு நிலத்தை உணர்த்தும் முறை வேறொரு நாட்டில், வேறொரு கலையில் நிகழ்கின்றபோது அதனை உற்றுநோக்குவது நம் துறைக்குப் புறம்பானதன்று. ஒப்புமை அவ்வளவே. ஜப்பானிய ஓவியர்கள் பொருளதிகாரம் பயின்றார்கள் என்று மாணாக்கர் தேர்வில் எழுதிவிட வேண்டா!

விளையாட்டின் அமைப்பு

போக்கிமான் 1996 பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக வெளிவந்தது. கேம் ஃப்ரீக் என்னும் நிறுவனம் உருவாக்க, நின்டெண்டோ வெளியிட்டது. இதனைக் கருக்கொண்டவர் சதோஷி தஜிரி. இளமையில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்புடையவராக இருந்த அவர், தாம் வளர்ந்த தோக்கியோப் புறநகரின் வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறக் கண்டவர். தேடிப் பிடிக்கும் அவ்வின்பத்தை நகரத்துச் சிறுவர்க்கு மீட்டுத் தருதல் அவர் கருத்தாயிற்று.

ஆடுபவர் ஒரு சிறுவராக ஊர்விட்டு ஊர் நடக்கிறார். உயர்ந்த புல்லில் கால் வைத்தால் உயிர்கள் எதிர்ப்படும். அவற்றோடு போரிடலாம், பந்தினை எறிந்து பிடிக்கலாம், பிடித்தவற்றைப் பயிற்றலாம். பயிற்சியால் படிநிலை உயர, சில உயிர்கள் வேறு உரு எய்தும். முதல் விளையாட்டில் இருந்தவை 151 உயிர்கள். ஜப்பானின் உண்மையான கான்டோ வட்டாரத்தின் பெயரையே அக்கற்பனை நாடும் தாங்கியது.

எவ்வழியில் எவ்வுயிர் வரும் என்பது தற்செயல் போலத் தோன்றினும் தற்செயலன்று. ஒவ்வொரு வழிக்கும் பத்து இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று நிரலில் எழுதப்பட்டுள்ளது. முதல் இடத்தில் இருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை வரும். பத்தாம் இடத்தில் இருப்பது நூற்றில் ஒரு முறையே வரும். வீட்டை விட்டுப் புறப்பட்டவுடன் வரும் முதல் வழியின் பத்து இடங்களையும் இரண்டே உயிர்கள் பங்கிட்டுக்கொண்டன. ஒன்று ரட்டாட்டா என்னும் எலி. மற்றொன்று பிட்ஜி என்னும் பறவை. உலகெங்கும் இலக்கக்கணக்கான சிறுவர்கள் அந்நாட்டில் முதன்முதல் கண்ட காட்டுயிர் இவ்விரண்டனுள் ஒன்றாகவே இருந்திருக்கும். எளிதில் பிடிபடுதலைக் குறிக்கும் எண்ணின் உச்சம் 255. பிட்ஜிக்கு அவ்வெண்ணே தரப்பட்டது. அதே விளையாட்டில் அரிய பனிப்பறவையாகிய ஆர்ட்டிகுனோவுக்கு உரிய எண் 3.

பிட்ஜியின் உருவம்

பிட்ஜியின் உயரம் 30 செ.மீ.; எடை 1.8 கிலோ. பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, தலையில் சிறு கொண்டை, கண்ணருகே கூரிய கருங்கீற்று. இவ்வளவே அதன் உருவம். புறாவா, சிட்டுக்குருவியா என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. இரண்டின் சாயலும் உண்டு, இரண்டும் அன்று. இது குறையெனத் தோன்றலாம். சிறுவன் ஒருவன் தன் வீட்டுச் சாளரத்தில் காணும் எப்பறவையையும் அதனுள் காணுமாறு விடப்பட்ட இடமே அது என்பது என் துணிபு.

அக்காலத்துக் கேம் பாய் கருவியின் திரை 160க்கு 144 புள்ளிகள் கொண்டது. அதில் தோன்றும் சாயல்கள் நான்கே. பிட்ஜியின் போர்க்களத் தோற்றத்திற்கு ஒதுக்கப்பட்ட பரப்பு 40க்கு 40 புள்ளிகள். பெரிய உயிர்களுக்கோ 56க்கு 56. வண்ணமும் இன்றி இடமும் இன்றி ஒரு பறவையை உணர்த்த வேண்டுமாயின் வெளிக்கோடே பேச வேண்டும். ஓவியக் குழுவுக்குத் தலைமை ஏற்ற கென் சுகிமோரியும் உடன் உழைத்தோரும் இவ்வறுமையை நன்கு பயன்படுத்தினர். கொண்டை ஒன்றைப் பற்றிக்கொண்டு மூன்று பிறவியையும் ஒரு குடும்பமாக்கினர். 18ஆம் படிநிலையில் பிட்ஜி பிட்ஜியோட்டோவாக மாறுகிறது. கொண்டை நீண்டு பின்னோக்கிச் சாய்கிறது. 36ஆம் படிநிலையில் பிட்ஜியாட் ஆகிறது. அதே கொண்டை முதுகளவும் பறக்கும் சிகையாகிறது. உயரம் 1.5 மீட்டர். கண்ணருகே இருந்த கருங்கீற்று மட்டும் மூன்றிலும் மாறவில்லை. வேறு உயிர்கள் சில உருமாறும்போது முன்னைய உருவை முற்றும் துறந்துவிடும். எளிய பறவையோ தன் பிறப்பை மறைப்பதில்லை.

இயல்பிலும் இவ்வளவு கூறியுள்ளனர்: அது போரை விரும்பாத சாது, எதிரி நெருங்கினால் சிறகடித்து மணலை வாரி இறைத்துக் கண்ணை மறைக்கும். வலிமையற்ற உயிர் எவ்வாறு பிழைக்கும் என்னும் வினாவுக்கு ஏற்ற விடை இது. இதனருகே ஸ்பியரோ என்னும் மற்றோர் எளிய பறவையையும் வைத்தனர். அதுவும் 30 செ.மீ. உயரமே. ஆயின் அலகு வளைந்தது, இறகு சிலும்பியது, சினம் மிக்கது. ஒரே அளவு, ஒரே எளிமை, நேர்மாறான குணம். இவ்விரண்டனையும் அடுத்தடுத்த வழிகளில் காணும் குழந்தை, 'எளியவை எல்லாம் ஒரு தன்மையன அல்ல' என்பதனை எவரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். பயணக் குழுவின் பட்டியலில் உயிர்களைக் குறிக்கச் சிறு படக்குறிகள் உண்டு. நினைவகத்தில் இடமில்லாமையால் பறவைகள் அனைத்திற்கும் ஒரே படக்குறியைப் பயன்படுத்தினர். எனவே, நூற்றுக்கணக்கில் திரியும் பிட்ஜிக்கும், நாடு முழுவதிலும் ஒன்றே ஒன்றாய் உள்ள ஆர்ட்டிகுனோவுக்கும் பட்டியலில் ஒரே முகம்! 'பறவை' என்றே ஒரு வகையும் நிரலில் எழுதப்பட்டுப் பயன்படாமலே கிடந்தது. இறுதியில் பிட்ஜிக்குப் 'பொது', 'பறத்தல்' என்னும் இரு வகைகள் சேர்ந்து அமைந்தன. பின்வந்த எளிய பறவைகள் பலவும் இந்த இரட்டை வகையையே மரபாகக் கொண்டன.

பெயரும் பொருளும்

பிட்ஜி என்பது ஆங்கிலப் பதிப்பின் பெயர். ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'போப்போ'. புறா குமுறும் ஓசையைக் குழந்தைகள் சொல்லும் சொல் அது. நம்மிடத்தும் காக்கை, குக்குறுவான் போன்ற பறவைகள் தம் குரலாலேயே பெயர் பெற்றமை நினையத்தக்கது. ஆங்கிலப் பெயர் புறாவைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுகிறதே அன்றி, அதன் குரலைத் தரவில்லை. ஸ்பியரோவின் மூலப்பெயர் 'ஓனிசுசுமே'. 'ஓனி' என்பது ஜப்பானியக் கதைகளில் வரும் அரக்கன், 'சுசுமே' என்பது சிட்டுக்குருவி. அரக்கச் சிட்டு என நாம் பெயர்க்கலாம்.

மொழிபெயர்ப்பில் மிகுதியும் இழந்தது ஃபார்ஃபெட்ச்டு என்னும் வாத்து. மூலத்தில் அதன் பெயர் 'காமோநெகி'. வாத்து தானே வெங்காயத்தண்டைச் சுமந்துகொண்டு வருகிறது என்பது ஜப்பானியப் பழமொழி. வாத்துக் குழம்புக்கு வேண்டிய இரண்டும் ஒருசேர வந்தாற்போல, தேடாத நன்மை தானே வந்து வாய்ப்பதனை அது குறிக்கும். ஆதலால் அவ்வாத்து எப்போதும் கையில் ஒரு தண்டை ஏந்தியிருக்கிறது. பழமொழி அறியாத நாட்டுச் சிறுவனுக்கு அத்தண்டு காரணமற்ற ஓர் அணி. ஆங்கிலப் பெயரிட்டோர் 'நம்பற்கரிய செய்தி' என்னும் பொருள்படும் சொல்லைச் சூட்டி ஒருவாறு சமாளித்தனர். ஆங்கிலத்தில் வந்த சிவப்பு, நீலப் பதிப்புகளில் இவ்வாத்து காட்டில் கிடைப்பதில்லை; துறைமுக நகரில் ஒருவருக்கு ஒரு ஸ்பியரோவைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். அரியதற்கு விலையாக எளியதைக் கேட்டது அந்நகரம்.

நிலமும் புள்ளும்

இத்தொடரில் புதிய விளையாட்டு ஒன்று வெளிவருந்தோறும் புதிய நாடு ஒன்று தோன்றுகிறது. அந்நாட்டுக்கெனப் புதிய எளிய பறவையும் பிறக்கிறது. 1999இல் வந்த பொன், வெள்ளிப் பதிப்புகளில் கருவிக்குள் உண்மையான கடிகாரம் ஓடியது. பகலில் பிட்ஜி வந்த அதே வழியில் மாலை ஆறு மணிக்குப்பின் ஹூட்ஹூட் என்னும் ஆந்தை வந்தது. ஒற்றைக் காலில் நிற்பதும், காலத்தைப் பிழையின்றி உணர்வதும் அதன் இயல்பு. அதன் முகமே ஒரு கடிகாரம் போல் வரையப்பட்டது. பள்ளி விட்டு வந்து, பாடம் முடித்து, இரவில் மட்டும் ஆடும் சிறுவனுக்கு அந்நாட்டின் எளிய பறவை ஆந்தையே. புள்ளைக் கொண்டு பொழுதை உணர்த்திய இம்முறையை இத்தொடரின் மிகச் சிறந்த கருத்துகளுள் ஒன்றாக வைப்பேன்.

2002இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகளின் நாடு கியூஷூ தீவை மாதிரியாகக் கொண்டது. கடல் சூழ்ந்த அந்நிலத்தில் டெய்லோ என்னும் தகைவிலான் குருவியும், விங்கல் என்னும் கடற்பறவையும் எளிய புள்ளாயின. டெய்லோ அண்மையில் கூடு விட்ட குஞ்சு. பகலில் எவரையும் எதிர்க்கும், இரவில் தனிமை தாளாது அழும் என அதன் குறிப்பு கூறுகிறது. நோயுற்றால் அதன் தாக்குவலிமை உயரும். 2006இல் ஹொக்கைடோவை மாதிரியாகக் கொண்ட நாட்டில் ஸ்டார்லி வந்தது. மைனாவின் உறவாகிய 'முக்குதோரி' என்னும் ஜப்பானியப் பறவையே அதன் மூலம். தனித்து வலியற்றவை, கூடி வாழ்பவை, கூட்டம் பெருத்தால் தமக்குள் பூசலிடுபவை என அதனைப் பற்றி எழுதியவர், மாலை நேரத்து மரத்தடியில் சற்று நின்று கேட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

2010இல் வந்த கறுப்பு, வெள்ளைப் பதிப்புகள் முதன்முறையாக ஜப்பானை விட்டு வெளியேறி, நியூயார்க் நகரப் பகுதியை மாதிரியாகக் கொண்டன. முதன்மைக் கதை முடியுமளவும் 156 புதிய உயிர்களே தோன்றும். பழையன ஒன்றும் வாரா. ஆக, பிட்ஜி இல்லாத நாட்டில் பிட்ஜியின் வேலையைச் செய்ய ஒரு பறவை வேண்டும். பிடவ் என்னும் சாம்பல் நிறப் புறாவை வரைந்தனர். பழகிய ஆட்டக்காரர் பலர் 'மீண்டும் ஒரு புறாவா?' என முகம் சுளித்தனர். நான் இதில் அவர்களோடு உடன்படேன். நியூயார்க்கின் எளிய பறவை வேறு எது? பூங்காவிலும் சதுக்கத்திலும் கூடும், மனிதர்க்கு அஞ்சாது என அதன் இயல்பைக் கூறி, மார்பில் மட்டும் இதய வடிவில் ஓர் இறகுத்திட்டை வைத்தனர். நகரப் புறாவை எவரும் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்ப்பவர்க்கு மட்டும் அது தெரியும். இவ்வரிசையில் மிகுதியும் இகழப்பட்டதும் மிகுதியும் உண்மையானதும் இதுவே என்பேன்.

மரபை உடைத்தது 2013இல் பிரான்சை மாதிரியாகக் கொண்ட நாட்டின் ஃப்ளெட்ச்லிங். ஐரோப்பிய ராபின் குருவியை ஒத்த செந்தலைச் சிறுகுருவி அது. 17ஆம் படிநிலையில் 'பொது' வகையை விட்டு 'நெருப்பு' வகையாக மாறும்; 35இல் டேலன்ஃப்ளேம் என்னும் வேட்டைப் பறவையாகும். பறத்தல் வகைத் தாக்குதல் எதனையும் எதிரிக்கு முந்திச் செய்யும் திறனும் அதற்கு வாய்த்தது. விளைவு, வழியோரக் குருவி போட்டி அரங்குகளை ஆண்டது. 2016இல் அத்திறனை, உடல்நலம் முழுமையாக இருக்கும்போது மட்டும் செல்லுமாறு குறைத்தனர். எளியதற்கு வலிமை தந்தது தவறன்று. எளியது என்னும் பெயரே பொருந்தாத அளவுக்குத் தந்ததுதான் பிழை.

அதே 2016இல் ஹவாயை மாதிரியாகக் கொண்ட அலோலா நாட்டுக்குப் பிகிபெக் என்னும் மரங்கொத்தி அமைந்தது. அது வளர்ந்து தென்னமெரிக்க டூக்கான் பறவையை ஒத்த டூக்கனான் ஆகும். ஹவாய்த் தீவுகளுக்கு உரிய மரங்கொத்தியும் இல்லை, டூக்கானும் இல்லை. நிலத்துக்குப் பொருந்தாத புள் என இதனைக் குறை கூற எண்ணியிருந்தேன். பின்னர் ஒரு செய்தி என்னைத் தடுத்தது. நம் வீட்டு முற்றத்து மைனாவே 19ஆம் நூற்றாண்டில் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்டு, இன்று அங்கே தெருவெங்கும் திரியும் பறவையாகிவிட்டது. அத்தீவுகளின் எளிய பறவைகளுட் பல குடியேறியவையே. ஆகவே அயல்நாட்டுப் பறவை அங்கே எளிய பறவையாய் நிற்பதும் ஒருவகை உண்மைதான். உள்நாட்டுத் தன்மையை ஒரிகோரியோ என்னும் மற்றொரு பறவைக்குத் தந்தனர். நான்கு தீவுகளில் நான்கு மலர்த்தேன் உண்டு நான்கு உருக்கொள்ளும் பறவை அது.

புள்ளின் பணி

உருவமும் நிலமும் கூறினோம். இவற்றினும் முதன்மையானது பணி. தொடக்கம் முதல் 2014 வரை, கண்ட ஊர்களுக்கு நொடியில் மீள்வதற்குப் பறக்கும் திறன் கற்ற ஓர் உயிர் குழுவில் இருக்க வேண்டும். குழுவில் இடமோ ஆறே. அத்திறனைத் தொடக்கத்திலேயே கிடைக்கும் எளிய பறவையும் கற்கும் என வைத்ததே அமைப்பாளரின் நுண்மை. என் மகள் மூன்றாவது வெற்றிச் சின்னம் பெற்று, அத்திறனையும் பெற்ற அன்று, முதல் வழிக்கு நடந்தே திரும்பினாள். எதற்கென்றேன். "ஒரு புறா பிடிக்கணும் அத்தா" என்றாள். பள்ளி திறக்குமுன் அந்தச் 'சும்மா புறா' பிட்ஜியாட் ஆகி, அவள் குழுவிலே மூத்த உறுப்பாய் இருந்தது.

2016இல் அலோலாவில் இம்முறையை நீக்கினர். பறந்து செல்ல வாடகைக்கு ஒரு சாரிசார்ட் வரும். குழுவில் பறவை வேண்டுவதில்லை. ஆடுபவர்க்கு இது வசதி என்பதில் ஐயமில்லை. ஆயின் எளிய பறவையை இறுதிவரை உடன் வைத்திருக்க இருந்த காரணம் அன்றோடு போயிற்று. அதே ஆண்டு சூலையில் கைப்பேசிக்கு வந்த போக்கிமான் கோ விளையாட்டில் அதன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அங்கே பிட்ஜியை உருமாற்ற 12 மிட்டாய்கள் போதும். பிறவற்றுட் பலவற்றிற்கு 25, 50, 100 வேண்டும். ஆதலின் ஆட்டக்காரர்கள் பிட்ஜிகளைக் கூடை கூடையாகச் சேர்த்து, ஒரே இருப்பில் உருமாற்றி, தம் படிநிலையை உயர்த்திக்கொண்டு, பறவைகளைக் கழித்துவிட்டனர். முதல் வழியின் முதல் தோழன் சில்லறைக் காசாயிற்று.

2019இல் பிரிட்டனை மாதிரியாகக் கொண்ட கலார் நாட்டில் அமைப்பாளர்கள் பணியை வேறு வழியில் மீட்டனர். அந்நாட்டின் எளிய பறவை ரூக்கிடீ, 20 செ.மீ. உயரமே உள்ளது, நீலமும் மஞ்சளும் கலந்த, பட்டாணிக்குருவி போன்ற சிறு உரு. தன்னினும் வலியதை அஞ்சாது எதிர்க்கும். 38ஆம் படிநிலையில் அது கார்விநைட் என்னும் கரும்பறவையாகும். உடலெங்கும் இரும்புக் கவசம். அண்டங்காக்கைகள் நீங்கினால் அரசு வீழும் என்னும் கதை வழங்கும் லண்டன் கோபுரத்தையும், கவசம் பூண்ட வீரரையும் இவ்வுருவம் ஒருங்கே நினைவூட்டுகிறது. நாடெங்கும் வாடகை வண்டியாக, லண்டன் கறுப்பு டாக்சியை ஒத்த பெட்டியைத் தூக்கிப் பறப்பது இப்பறவையே. உன் குழுவில் இருப்பதும், வானத்தில் ஊரைச் சுமப்பதும் ஒரே இனம். முதல் புல்வெளியில் நீ கண்டு ஒதுக்கிய குருவியின் மூத்தோர்தாம் உன்னை ஊர் சேர்க்கின்றனர். பணி, நிலம், உருவம் மூன்றும் இத்துணைச் செறிவாய் ஓரிடத்தில் கூடியது இதற்கு முன் இல்லை.

2022இல் ஐபீரியத் தீபகற்பத்தை மாதிரியாகக் கொண்ட பல்தேயா நாடு வந்தது. அங்கும் வான்வண்டி உண்டு. ஆயின் கார்விநைட் அதனைத் தூக்க முடியாது. சம்மட்டியால் பாறைகளை வானுக்கு அடித்து அப்பறவையை வீழ்த்தும் டிங்கட்டான் என்னும் பகை அந்நாட்டில் வாழ்கிறது, பயணிக்கும் ஆபத்து. எனவே, வண்டியை ஸ்குவாக்கபிலி என்னும் கிளிகள் கூட்டமாய்த் தூக்குகின்றன. ஒவ்வொரு கிளியின் எடையும் 2.4 கிலோ.